‘எஜுகேஷன்’ என்றால் வெளிக்கொணர்வதா, வளர்ப்பதா?

பி.எட். வகுப்பில் சேரும் எவருக்கும் தொடக்கத்திலேயே அறிமுகமாகும் ஒரு வரி உண்டு: ‘எஜுகேஷன் என்ற சொல் எஜுகேர், எஜுசியர், எஜுகேட்டம் என்ற மூன்று லத்தீன் சொற்களிலிருந்து வந்தது.’ ஆசிரியர் தின மேடைக்குப் போகும்போது அந்த வரி இன்னும் சுருங்கிவிடும். ‘எஜுகேஷன் என்றாலே உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவது என்றுதான் பொருள், லத்தீனில் அப்படித்தான் இருக்கிறது’ என்பார்கள். கைத்தட்டல் நிச்சயம். ஆனால் லத்தீனில் அப்படி இல்லை. மூன்று சொல் என்பதும் சரியில்லை, வெளியே கொண்டுவருவது என்பதும் சரியில்லை.

இதைப் புரிந்துகொள்ள லத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் வினைச்சொற்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிந்தால் போதும்.

முதலில் ‘படி’யைப் பார்ப்போம்

கண்ணாடியில் தூசி படிகிறது. பிள்ளை பாடம் படிக்கிறான். இரண்டுக்கும் அடிச்சொல் ‘படி’தான். ஆனால் இறந்தகாலத்தில் தூசி படிந்தது, பிள்ளை படித்தான். பெயர்ச்சொல் ஆக்கினாலும் அப்படியே பிரிந்துவிடும்: ஒன்று படிவு, மற்றது படிப்பு. ஆற்றோரத்தில் இருப்பது வண்டல் படிவு. அதை யாரும் வண்டல் படிப்பு என்று சொல்வதில்லை.

இப்போது ஒருவர் மேடையேறி, ‘மனதில் படிவதால்தான் அதற்குப் படிப்பு என்று பெயர்’ என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் ‘படிப்பு’ என்ற சொல்லின் கடைசியில் இருக்கும் ‘ப்பு’ உண்மையைச் சொல்லிவிடும். அது ‘படித்தல்’ என்ற வினையிலிருந்து வந்த பெயர். ‘படிதல்’ என்பதிலிருந்து வந்திருந்தால் ‘படிவு’ என்றல்லவா ஆகியிருக்கும்?

லத்தீனிலும் இதே போன்ற ஒரு ஜோடி இருக்கிறது. அதில் எது எது என்று கலந்துபோனதுதான் மொத்தக் குழப்பத்துக்கும் காரணம்.

குறிலும் நெடிலும்

அந்த ஜோடி இதுதான்: ஏடுகாரெ, ஏடூகெரெ. பாடக்குறிப்புகளில் எஜுகேர், எஜுசியர் என்று வருபவை முறையே இவைதான். (இந்தக் கட்டுரையில் வரும் லத்தீன் சொற்களில் ககரத்தைக் ‘கடல்’ என்பதில் வருவது போல அழுத்தி உச்சரியுங்கள். பழைய ரோமானியர்கள் அப்படித்தான் உச்சரித்தார்கள். எஜுசியர் என்பதெல்லாம் ஆங்கில வாய்க்கு வந்த உச்சரிப்பு.)

முதல் வினையில் ‘டு’ குறில், இரண்டாவதில் ‘டூ’ நெடில். பேசும்போது ரோமானியர் காதுக்கு இந்த வேறுபாடு தெளிவாகக் கேட்கும். ஆனால் அவர்களுடைய எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி எழுத்து கிடையாது. சில கல்வெட்டுகளில் நெடில் மேல் ஒரு சிறு கோடு இழுத்திருப்பார்கள், அவ்வளவுதான். இன்றைய அகராதிகள் அடையாளக்கோடு போடுகின்றன. ஆனால் பாடப்புத்தகங்களுக்கு வரும்போது அந்தக் கோடு காணாமல் போய்விடுகிறது.

விளைவு என்னவென்றால், தன்மை ஒருமையில், அதாவது ‘நான்’ என்று வரும் வடிவத்தில், இரண்டு வினையும் ரோமன் எழுத்தில் ஒரே மாதிரி ஆகிவிடும். தமிழில் எழுதினால் ஒன்று ஏடுகோ, மற்றது ஏடூகோ. கலக்கவே வாய்ப்பில்லை. ரோமன் எழுத்தில் எழுதினால் இரண்டுக்கும் அதே ஐந்து எழுத்து. லத்தீன் அகராதிகள் வினைச்சொல்லை இந்தத் தன்மை ஒருமை வடிவத்தின் கீழ்தான் கொடுக்கும். அவசரமாகப் புரட்டுகிறவர் இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் வியப்பில்லை.

ஏடூகெரெ: வெளியே இட்டுச் செல்வது

பிரபலமான வினை இதுதான் என்பதால் இதிலிருந்து தொடங்கலாம். ‘டூகெரெ’ என்றால் இட்டுச் செல்வது, இழுப்பது. இதன் உறவுக்காரச் சொற்கள் நம் வாயில் தினமும் புழங்குகின்றன. பஸ் கண்டக்டர் இந்தக் குடும்பம்தான். ரோமானியர் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவரக் கட்டிய அக்வடக்ட் கால்வாயும் இதே குடும்பம். ஒரு படையை நடத்திச் செல்பவன் ‘டுக்ஸ்’. ஆங்கிலேயரின் ட்யூக் பட்டம் அதிலிருந்து வந்தது.

அந்த டூகெரெ என்ற வினையின் முன்னால் ‘ஏ’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் ‘வெளியே’ என்ற பொருள் கிடைக்கும். எனவே ஏடூகெரெ என்றால் வெளியே இட்டுச் செல்வது, வெளியே இழுப்பது. ஜூலியஸ் சீசர் தன் போர்க்குறிப்புகளில் பாசறையிலிருந்து படையை வெளியே நடத்துவதற்கு இந்த வினையைத்தான் பயன்படுத்துகிறார். கி.மு. 54ஆம் ஆண்டு நடந்த ஒரு முற்றுகையைப் பற்றிய பகுதியில் புல்லோ என்ற வீரனின் கதை வருகிறது. அவன் முன்னேறிப் போகும்போது எதிரியின் ஈட்டி கேடயத்தைத் துளைத்து அவனுடைய கச்சையில் குத்தி நிற்கிறது. அதனால் உறை ஒருபக்கம் திரும்பிவிட, வாளை உருவ முடியாமல் அவன் கை தடுமாறுகிறது. அந்த ‘உருவ’ என்ற இடத்தில் சீசர் எழுதியிருப்பது ஏடூகெரெ.

படை, வாள் என்று ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒன்றை வெளியே எடுப்பதுதான் இந்த வினையின் அன்றாட வேலை.

ஏடுகாரெ: வளர்ப்பது

இந்த வினை இருக்கும் இடமே வேறு. பிள்ளையை ஊட்டி வளர்ப்பது, கோழிக்குஞ்சைப் பேணுவது, செடியை வளர்ப்பது எல்லாம் ஏடுகாரெ. மனிதர், விலங்கு, பயிர் என்ற பாகுபாடு இதற்குக் கிடையாது.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று கட்டுல்லஸின் ஒரு கவிதை. கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் அவர். 62ஆம் எண் கொண்ட அந்தக் கவிதை ஒரு கல்யாணப் பாட்டு. பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமும் நின்று மாறி மாறிப் பாடுகிறார்கள். பெண்கள் பாடும் இடத்தில் வேலியடைத்த தோட்டத்தில் தனியே மலரும் ஒரு பூ வருகிறது. அதை ஆடுமாடு பார்த்ததில்லை, கலப்பை கிழித்ததில்லை. தென்றல் அதைத் தடவிக்கொடுக்கிறது, வெயில் அதற்கு வலுவூட்டுகிறது, மழை அதை வளர்க்கிறது. அந்த ‘வளர்க்கிறது’ என்ற சொல்தான் ஏடுகத். ஏடுகாரெ என்ற வினையின் படர்க்கை வடிவம்.

மழை பூவுக்குப் பாடம் நடத்தவில்லை. பூவுக்குள் ஒளிந்திருந்த திறமையை வெளியே இழுக்கவும் இல்லை. தண்ணீர் கொடுத்து வளர்க்கிறது. எஜுகேஷன் என்ற சொல்லின் தாய்வினை என்ன பொருளில் புழங்கியது என்று கேட்டால் இந்த ஒரு வரியைக் காட்டினால் போதும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: நெடில் உள்ள ஏடூகெரெ வெளியே எடுப்பது. குறில் உள்ள ஏடுகாரெ வளர்ப்பது. ரோமன் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஓரிடத்தில் ஒரே முகம் காட்டும்.

வர்ரோ வகுத்த வேலைப் பிரிவினை

ரோமானியர்களுக்கே இந்த இரண்டு வினைக்கும் வேறுபாடு தெரிந்திருந்ததா என்று கேட்கலாம். தெரிந்திருந்தது. கி.மு. 116 முதல் 27 வரை வாழ்ந்த வர்ரோ என்ற பேரறிஞர் இந்த இரண்டு வினைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாக்கியம் எழுதினார். அவருடைய அந்த நூல் அழிந்துவிட்டது. பல நூற்றாண்டுகள் கழித்து வந்த நோனியஸ் மார்செல்லஸ் என்ற சொல்லாராய்ச்சியாளர் மேற்கோள் காட்டியதால் இந்த வாக்கியம் பிழைத்தது:

‘மருத்துவச்சி வெளியே எடுக்கிறாள், செவிலி வளர்க்கிறாள், பெடகோகஸ் பழக்குகிறான், ஆசிரியர் கற்பிக்கிறார்.’

நான்கு பேர், நான்கு வினை. மருத்துவச்சிக்கு அவர் கொடுத்தது ஏடூகித், அதாவது ஏடூகெரெ. பிரசவத்தில் குழந்தையை வெளியே எடுப்பவள் அவள். செவிலிக்குக் கொடுத்தது ஏடுகத், அதாவது ஏடுகாரெ. பால் கொடுத்து வளர்ப்பவள் அவள். மூன்றாவது ஆள் பெடகோகஸ் பெரும்பாலும் ஓர் அடிமை. வீட்டுப் பையனைப் பள்ளிக்கு அழைத்துப்போய் வருவதும், நடத்தை பழக்குவதும் அவன் பொறுப்பு. நான்காவதாகத்தான் ஆசிரியர் வருகிறார். அவருக்கு உரிய வினை ‘டொகெத்’, கற்பிக்கிறார். டாக்டர் என்ற சொல் அந்த வினையின் குடும்பம்தான்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நாம் எஜுகேஷன் என்றதும் ஆசிரியரை நினைக்கிறோம். வர்ரோவின் கணக்கில் ஏடுகாரெ செவிலியின் வேலை, ஏடூகெரெ மருத்துவச்சியின் வேலை. ஆசிரியருக்கு இரண்டும் இல்லை.

பெயர்ச்சொல் எப்படிப் பிறக்கிறது?

இனி நேரடியாக விஷயத்துக்கு வரலாம். எஜுகேஷன் என்ற பெயர்ச்சொல் இந்த இரண்டில் எதிலிருந்து வந்தது என்பதைக் கருத்துச் சொல்லித் தீர்க்க வேண்டியதில்லை. சொல்லின் உருவமே சொல்லிவிடும்.

லத்தீன் அகராதியில் ஒவ்வொரு வினைக்கும் நான்கு வடிவங்களை வரிசையாகக் கொடுப்பார்கள். இவற்றுக்கு முதன்மை வடிவங்கள் என்று பெயர். இந்த நான்கும் தெரிந்தால் அந்த வினையின் மற்ற எல்லா வடிவங்களையும் உண்டாக்கிக்கொள்ளலாம். நம் இரண்டு வினைகளுக்கும் அவை இப்படி இருக்கும்:

வளர்ப்பதற்கு: ஏடுகோ, ஏடுகாரெ, ஏடுகாவீ, ஏடுகாத்தும்.

வெளியே எடுப்பதற்கு: ஏடூகோ, ஏடூகெரெ, ஏடூக்ஸீ, ஏடுக்தும்.

செயலைக் குறிக்கும் பெயர்ச்சொல் நான்காவது வடிவத்தின் அடிப்பகுதியிலிருந்துதான் பிறக்கும். அதன் கடைசி ‘உம்’ போய் ‘இயோ’ சேரும். ஏடுகாத்தும் என்பது ஏடுகாத்தியோ ஆகும். ஏடுக்தும் என்பது ஏடுக்தியோ ஆகும். இந்த ‘இயோ’ என்ற முடிவுதான் ஆங்கிலத்துக்கு வரும்போது ‘ஷன்’ என்று ஒலிக்கிறது.

இப்போது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள். புரொடக்‌ஷன், இன்ட்ரொடக்‌ஷன், ரிடக்‌ஷன், சமையலறையில் இருக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் டூகெரெ என்ற வினையின் பிள்ளைகள். எல்லாவற்றிலும் ‘டக்‌ஷன்’ என்ற ஒலி இருக்கிறது. எஜுகேஷனும் அந்த வழியில் வந்திருந்தால் ‘எடக்‌ஷன்’ என்று ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அதில் ‘கேஷன்’ இருக்கிறது. அது ஏடுகாத்தியோவின் ‘காத்தியோ’.

சரி, அந்த ‘எடக்‌ஷன்’ என்ற சொல் ஆங்கிலத்தில் இல்லையா? இருக்கிறது! பழைய நீராவி எஞ்சின்களில் வேலை முடித்த நீராவியை உருளையிலிருந்து வெளியே கொண்டுபோகும் குழாய்க்கு எடக்‌ஷன் குழாய் என்று பெயர். வெளியே எடுத்துச் செல்வது என்ற பொருள் அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ஏடூகெரெ என்ற வினையின் உண்மையான வாரிசு அந்தக் குழாய்தான். படிவும் படிப்பும் தனித்தனி என்பது போல எடக்‌ஷனும் எஜுகேஷனும் தனித்தனி.

இதே இடத்தில் மூன்றாவது சொல்லின் கதையும் முடிந்துவிடுகிறது. பாடக்குறிப்புகள் ‘எஜுகேட்டம்’ என்று தனியாகக் காட்டி, அதற்குக் ‘கற்பிக்கும் செயல்’ என்று பொருளும் எழுதும் சொல் வேறொன்றும் இல்லை, ஏடுகாத்தும்தான். மேலே பார்த்த நான்காவது வடிவம். அகராதியில் ஏடுகாரெக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்ததை யாரோ ஒருவர் தனிச்சொல் என்று எடுத்து எழுதியிருக்க வேண்டும். அப்புறம் வந்தவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். ‘ஓடு, ஓடினான், ஓடிய என்ற மூன்று தமிழ்ச் சொற்கள்’ என்று எண்ணுவது போன்றது இது. பயிற்சி மாணவர்கள் ஆண்டுதோறும் இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சுருக்கமாக: எஜுகேஷன் வந்தது ஏடுகாத்தியோவிலிருந்து, அது வந்தது ஏடுகாரெயிலிருந்து. எஜுகேட்டம் அதே வினையின் ஒரு வடிவம். ஏடூகெரெ இந்த வரிசையில் எங்கும் இல்லை.

அப்படியானால் இரண்டுக்கும் உறவே கிடையாதா?

உண்டு. இங்கேதான் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். தவறைத் திருத்துகிறேன் என்று எதிர்ப்பக்கம் ஒரே அடியாகப் போய்விடக் கூடாது.

இரண்டு வினையும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை என்பதுதான் மொழியியலாளர் பலரின் முடிவு. இழுத்தல், இட்டுச் செல்லுதல் என்ற பொருளுள்ள வேர் அது. அதிலிருந்து நெடிலோடு ஒரு வினையும் குறிலோடு இன்னொரு வினையும் உண்டாயின. லத்தீனில் இப்படி நடப்பது புதிதல்ல. டீகெரெ என்றால் சொல்வது, டிகாரெ என்றால் தெய்வத்துக்கு என்று அறிவித்து ஒப்படைப்பது. அங்கேயும் ஒன்று நெடில், ஒன்று குறில். டீகெரெ தந்தது டிக்‌ஷனரி. டிகாரெ தந்தது டெடிகேஷன். இன்ட்ரொடக்‌ஷனும் எஜுகேஷனும் எப்படிப் பிரிந்தனவோ அப்படியே இவையும் பிரிந்திருக்கின்றன.

ஆகவே ஏடூகெரெயும் ஏடுகாரெயும் அக்காள் தங்கை. ஒன்று மற்றொன்றின் தாய் அல்ல. தங்கையின் பிள்ளையை அக்காள் பெற்றாள் என்று எழுதுவதுதான் பாடக்குறிப்புகளின் பிழை.

அதோடு, பழைய லத்தீனில் அக்காள் சில நேரம் தங்கையின் வேலையையும் பார்த்திருக்கிறாள். கி.மு. 160இல் அரங்கேறிய டெரன்ஸின் ‘சகோதரர்கள்’ நாடகத்தில் மிகியோ என்பவர் அண்ணன் மகனைத் தத்தெடுத்து வளர்க்கிறார். ‘சிறுவயதிலிருந்தே நான்தான் வளர்த்தேன், சொந்தப் பிள்ளையாகவே நேசித்தேன்’ என்கிறார். அங்கே ‘வளர்த்தேன்’ என்பதற்கு வரும் சொல் ஏடூக்ஸீ, அதாவது ஏடூகெரெ. ஆனால் கவனியுங்கள்: அந்த இடத்தில் அக்காளும் ‘வளர்ப்பது’ என்ற பொருளில்தான் வருகிறாள். உள்ளே இருக்கும் ஆற்றலை வெளியே கொண்டுவருவது என்ற பொருள் அங்கேயும் இல்லை.

இந்தக் கதை ஏன் இவ்வளவு பிடித்துப்போனது?

அந்தக் கருத்து பெரியது, பழையது. பிளேட்டோவின் ‘தியாயிடெட்டஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் தன்னை ஒரு மருத்துவச்சியோடு ஒப்பிட்டுக்கொள்கிறார். நான் எதையும் கற்பிப்பதில்லை, மற்றவர் மனதில் கருவுற்ற எண்ணத்தைப் பிரசவிக்க உதவுகிறேன் என்பது அவர் வாதம். விவேகானந்தர் 1894இல் எழுதிய ஒரு கடிதத்தில், மனிதனுக்குள் ஏற்கெனவே இருக்கும் முழுமையின் வெளிப்பாடே கல்வி என்றார். நம் பாடநூல்களில் இந்த வரிக்குப் பக்கத்திலேயே ‘எஜுசியர்’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி போல ஆகிவிடுகிறது.

ஆனால் சாக்ரடீஸ் பேசியது கிரேக்கம். விவேகானந்தரின் கருத்து நிற்பது வேதாந்தத்தின் மேல். இருவருக்குமே லத்தீன் வினையின் தயவு தேவைப்படவில்லை. அவர்கள் சொன்னது சரியா தவறா என்று வகுப்பறையில் வைத்து விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். ஒரு சொல் 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் என்ன பொருளில் வழங்கியது என்பது அந்த விவாதத்தைத் தீர்த்து வைக்காது.

இதைவிட எனக்கு உறுத்துவது குறிப்புப் புத்தகங்கள் போடும் எதிர்நிலைக் கணக்கு. ‘எஜுகேர் என்றால் வெளியிலிருந்து உள்ளே திணிப்பது, அது பழைய முறை. எஜுசியர் என்றால் உள்ளிருந்து வெளியே கொணர்வது, அது புதிய முறை’ என்று எழுதுவார்கள். ஏடுகாரெக்குத் திணிப்பது என்ற பொருள் லத்தீனில் இல்லவே இல்லை. கட்டுல்லஸின் மழையும் வர்ரோவின் செவிலியும் எதைத் திணித்தார்கள்? பாவம், வளர்த்தவளைத் திணித்தவள் ஆக்கிவிட்டோம்.

வளர்ப்பு என்ற பொருள் எங்கே போனது?

லத்தீனின் நேர் வாரிசு மொழிகளில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. இத்தாலிய மொழியில் ஒருவரை எடுகாத்தோ என்றால் நல்ல வளர்ப்பு, மரியாதை தெரிந்தவர் என்று பொருள். அவர் பட்டம் வாங்கியிருக்கிறாரா என்பது அங்கே பேச்சில்லை. மாலெடுகாத்தோ என்றால் வளர்ப்புச் சரியில்லாதவர், நடந்துகொள்ளத் தெரியாதவர். எத்தனை டிகிரி வாங்கியவரையும் இத்தாலியர்கள் அப்படித் திட்டலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் பட்டுப்புழு வளர்ப்பைப் பட்டுப்புழுக்களின் ‘எடுகாசியோன்’ என்று எழுதினார்கள். பள்ளிகளைக் கவனித்த அரசுத் துறைக்கு அவர்கள் நெடுங்காலம் வைத்திருந்த பெயரில் எடுகாசியோன் இல்லை, ‘இன்ஸ்த்ருக்சியோன்’தான் இருந்தது. கற்பிப்பது வேறு, வளர்ப்பது வேறு என்ற எண்ணம் அந்தப் பெயரில் இருந்தது. 1932இல்தான் அதைத் தேசிய எடுகாசியோன் அமைச்சகம் என்று மாற்றினார்கள். பள்ளியின் வேலை பாடம் சொல்வதோடு முடிவதில்லை என்பதைக் காட்டும் மாற்றம் அது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் வந்தபோதும் முதலில் பிள்ளை வளர்ப்பு என்ற பொருளோடுதான் வந்தது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒருவருடைய எஜுகேஷன் என்றால் அவர் வளர்ந்த விதம். பின்னால் பள்ளி, கல்லூரி, பாடம், தேர்வு என்று அதன் பொருள் குறுகிக்கொண்டே வந்தது. நமக்கு அந்தச் சொல் ஆங்கிலம் வழியாக, அதுவும் இந்தக் குறுகிய பொருளோடு வந்து சேர்ந்தது. அதனால்தான் லத்தீனைத் திரும்பிப் பார்க்கும்போதும் அங்கே ஒரு வகுப்பறையையே தேடுகிறோம். அது இருந்த இடம் தொட்டிலும் தோட்டமும் கோழிக்கூடும்.